ஆற்றுப் பாதையா, ஏரிப் பாதையா: லட்கலேயில் பைக்கை எந்தப் பக்கம் திருப்புவது?

லாத்வியாவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது லட்கலே. தலைநகர் ரீகாவிலிருந்து கிளம்பினால் இங்கத்திய நகரங்களான டௌகாவ்பில்ஸும் ரேசெக்னேயும் ஏறக்குறைய ஒரே தொலைவு, 230–240 கிலோமீட்டர். மூன்று நாள்தான் லீவு என்றால், டௌகாவ்பில்ஸில் இறங்கி டௌகாவா ஆற்றங்கரையோடு போவதா, ரேசெக்னேயில் இறங்கி ஏரிகளுக்குள் புகுவதா என்பதுதான் கேள்வி.

வண்டி ஓட்டும் சுகம் மட்டும் போதுமென்றால் ஆற்றுப் பாதை. டௌகாவ்பில்ஸிலிருந்து க்ராஸ்லாவா வரை நல்ல தார்ச்சாலை, சுமார் 45 கிலோமீட்டர். ஆறு பெரிய பெரிய வளைவுகளாகத் திரும்பும் இடம் இதுதான். நடுவில் கிளைச்சாலையில் இறங்கினால் ஸ்லுடிஷ்கி. 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபை கொண்டுவந்த சீர்திருத்தங்களை ஏற்காமல் பிரிந்த 'பழைய நம்பிக்கையாளர்'களின் சின்னக் கிராமம். மர வீடுகள், செதுக்கு வேலை செய்த சன்னல் சட்டங்கள். க்ராஸ்லாவாவின் நகரச் சின்னத்தில் ஐந்து துடுப்புகள் போட்ட படகு உண்டு. லாத்வியர், ரஷ்யர், பெலாரசியர், போலந்துக்காரர், யூதர் என்று ஐந்து மக்களையும் குறிக்கிறதாம்.

டௌகாவ்பில்ஸுக்கு அரை நாள் போதும். 1810இல் கட்டத் தொடங்கிய கோட்டை, அதன் பழைய ஆயுதக் கிடங்கில் 1903இல் இந்த ஊரில் பிறந்த ஓவியர் மார்க் ரோத்கோவின் பெயரில் ஒரு கலை மையம். ஷ்மகோவ்கா என்ற நாட்டுச் சாராயத்துக்கும் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ருசி பார்ப்பதானால் அன்றைக்கு வண்டிச் சாவியை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் டௌகாவ்பில்ஸ் தெருக்களில் காதில் விழுவது பெரும்பாலும் ரஷ்ய மொழி. இந்த மண்ணின் சொந்த மொழியான லட்கலியத்தைத் தேடிப் போகிறவருக்கு அது ஏமாற்றம்தான். அதனால்தான் என் ஓட்டு ஏரிப் பாதைக்கு. அந்த மொழியின் கதை ரேசெக்னே பக்கம்தான் இருக்கிறது.

ரஷ்யப் பேரரசுக் காலத்தில் லட்கலே வீடெப்ஸ்க் மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. அதனால் 1865 முதல் 1904 வரை இங்கே, லட்கலியம் எழுதப்படும் லத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை. ரீகா பக்கத்து லாத்வியர்களுக்கு அந்தத் தடை இல்லை. அந்தக் காலத்தில் ரேசெக்னே பக்கத்து விவசாயி ஆண்ட்ரிவ்ஸ் யூர்ஜ்ஸ் தடிதடியான புத்தகங்களைக் கையாலேயே எழுதி வைத்தார். 1917இல் மற்ற லாத்வியரோடு சேர்வது என்று லட்கலியர்கள் மாநாடு கூட்டி முடிவெடுத்ததும் ரேசெக்னேயில்தான். ஊர் நடுவே சிலுவையை உயர்த்திப் பிடித்து நிற்கும் 'லட்கலேயின் மாரா' சிலை 1940இலும் 1950இலும் அகற்றப்பட்டு, 1992இல் மறுபடி எழுந்தது. கடையில் பொருள் வாங்கினால் லாத்விய மொழியில் 'பால்தியெஸ்' என்னாமல் 'பல்திஸ்' என்று லட்கலியத்திலேயே நன்றி சொல்லிப் பாருங்கள்.

ரேசெக்னேக்குத் தெற்கே ராஸ்னா ஏரி, 57 சதுர கிலோமீட்டர். பக்கத்திலேயே மாகோன்கால்ன்ஸ், அதாவது மேகக்குன்று. உச்சியில் இடிந்த கோட்டைச் சுவர். இந்தப் பக்கம் உள்சாலைகள் நிறைய சரளைதான். காய்ந்தால் புழுதி, வரிவரியாக மேடு, நனைந்தால் சறுக்கல். பந்தய பாணி பைக்கோடு வந்தால் இடுப்பு பேசும். சரளைக்கு ஏற்ற டயர் போட்ட நடுத்தர வண்டியே மேல்.

எந்த மாதம்? ஆகஸ்ட் 15 அன்று அக்லோனா பேராலயத்தில் மாதாவின் விண்ணேற்பு விழா. அதற்கு முந்தைய நாட்களில் கூட்டம் கூட்டமாக யாத்திரிகர்கள் சாலையோரம் நடந்து வருவார்கள். அறை கிடைப்பது கஷ்டம். எனக்குப் பிடித்தது மே மாதம். மாலையானால் கிராமத்துச் சிலுவையடியில் பெண்கள் கூடி மாதா பாட்டுப் பாடுவது இன்றும் நடக்கிறது. எஞ்சினைத் தள்ளியே அணைத்துவிட்டு நடந்து போய்க் கேளுங்கள்.

இரண்டு பாதைக்காரர்களுக்கும் பொதுவானது ப்ரெய்லி பக்கத்து மண்பாண்டம். பல கைகள் விரித்த மெழுகுவர்த்தித் தாங்கிதான் இங்கத்திய பேர்போன வேலை. வாங்கினால் துணி சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். அப்புறம் ரீகா வரை தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள்.