வங்கி இ-ஏலமா, டிஆர்டி இ-ஏலமா: வென்றவர் கழுத்தில் எது இறுக்கம்?

ஏலத்தில் வீடு தேடுகிறவர்கள் கேட்பு விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அறிவிப்பின் அடியில் யார் கையெழுத்து போட்டிருக்கிறார் என்று பாருங்கள். வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் என்றால், அது 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி (கட்டாத கடனுக்காக அடமானச் சொத்தை வங்கியே நேரடியாக விற்க வழி தரும் சட்டம்) நடக்கும் விற்பனை. கடன் வசூல் தீர்ப்பாயத்தின் (டிஆர்டி) வசூல் அலுவலர் என்றால் 1993-ஆம் ஆண்டுச் சட்டம். டிஆர்டியின் ஏல விதிகள், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலிருந்து எடுத்தவை.

இரண்டிலும் வென்றவர் முதலில் 25% கட்ட வேண்டும். டிஆர்டியில் உடனே, வங்கி ஏலத்தில் அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள். 60 லட்சத்துக்கு எடுத்த வீடு என்றால் 15 லட்சம். முன்வைப்புத் தொகையாக 6 லட்சம் கட்டியிருந்தால் மீதி 9 லட்சம். வெள்ளி மாலை ஏலம் முடிந்து, மறுநாள் மாதத்தின் முதல் சனியாக இருந்தால் வங்கிக்கு அது வேலை நாள்தான். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் போச்சு.

மீதி 75 சதவீதத்துக்கு இரண்டிலும் 15 நாள்தான். ஆனால் டிஆர்டியில் அது விற்பனை நாளிலிருந்து ஓடுகிறது. வங்கியில் விற்பனை உறுதியான நாளிலிருந்து. வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். வீட்டுக் கடனை நம்பி இறங்குபவருக்கு இது பெரிய மூச்சு.

அந்த நீட்டிப்பும் தவறினால் வங்கி ஏலத்தில் இரக்கம் கிடையாது. கட்டிய பணம் பறிமுதல். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. 12.27 கோடிக்கு ஏலம் எடுத்தவர் 25 சதவீதமாக மூன்று கோடிக்கு மேல் கட்டிவிட்டு மீதியைக் கட்ட முடியாமல் போனார். மறு ஏலத்தில் சொத்து அதைவிட அதிக விலைக்குப் போனது. வங்கிக்கு நட்டமே இல்லையே, ஒரு பகுதியையாவது திருப்பித் தரட்டும் என்ற வாதம் எடுபடவில்லை. டிஆர்டி விதியில் பறிமுதல் செய்வது அலுவலர் 'தகுந்ததெனக் கருதினால்' என்று இருக்கிறது. இந்த ஒரு சொல்லில்தான் உங்கள் பணம் தப்ப வழி உண்டு. ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது.

மறுபக்கம், டிஆர்டியில் முழுப் பணத்தையும் 15 நாளில் கொடுத்த பிறகும் சொத்து உங்களுடையது என்று சொல்ல முடியாது. 30 நாளுக்குள் கடன் வாங்கியவர் பாக்கியையும், உங்களுக்கு ஏல விலையில் 5 சதவீதத்தையும் கட்டினால் விற்பனை ரத்து. வங்கி ஏலத்தில் ஏல அறிவிப்பு வெளியானதுமே கடன் வாங்கியவரின் மீட்புரிமை (பாக்கியைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை) முடிந்துவிடுகிறது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்குப் போட்டு இழுப்பது வேறு கதை.

என் கணிப்பு: கடன் வாங்கித்தான் முடிக்க வேண்டுமென்றால் வங்கி ஏலம், அதுவும் சாங்ஷன் லெட்டர் கையில் வந்த பிறகு. ரொக்கம் தயாராக இருந்து, ஒரு மாதம் முடங்கினாலும் பரவாயில்லை என்பவர் டிஆர்டி பக்கம் போகலாம்.

எதில் எடுத்தாலும் 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனை உண்டு. பழைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியை ஏலத்தில் வாங்கியவரிடம் கேட்க மின்வாரியத்துக்கு வழியிருக்கிறது என்பதும் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு 2023 தீர்ப்புதான். கேட்புக்கு முன்பே ஈபி அலுவலகம் போய், இணைப்பு எண்ணைக் கொடுத்து பாக்கியைப் பார்த்துவிடுங்கள்.