நான்கு தோலேடுகள், ஒரே கூரை: பிரிட்டிஷ் நூலகத்தின் மாக்னா கார்ட்டா கண்காட்சி

இங்கிலாந்து மன்னர் ஜான் 1215 ஜூன் மாதம் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ரன்னிமீடு புல்வெளியில், கிளர்ந்தெழுந்த பிரபுக்களுக்கு இணங்கி வழங்கிய மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்துக்கு ‘இதுவே மூலம்’ என்று சுட்டத்தக்க ஒற்றை ஏடு கிடையாது. மன்னரின் முத்திரையோடு நாடெங்கும் சென்ற பிரதிகள் எல்லாமே மூலங்கள்தாம். அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை நான்கு: இரண்டு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும், ஒவ்வொன்று லிங்கன், சாலிஸ்பரி பேராலயங்களிடமும் உள்ளன. சாசனத்தின் 800-ஆம் ஆண்டான 2015-இல், பிப்ரவரி தொடக்கத்தில் அந்நூலகம் இந்நான்கையும் வரலாற்றில் முதன்முறையாக ஒன்றுசேர்த்தது. மார்ச் 13 முதல் செப்டம்பர் 1 வரை பெரும் கண்காட்சி ஒன்றையும் நடத்தியது. பொதுமக்களுக்கு ஒரு நூலகம் ஆற்றக்கூடிய பணிகளில் மிக உயர்ந்த ஒன்றாக இதை மதிக்கிறேன். எனினும் அதன் ஏற்பாட்டில் ஒரு பெருங்குறையும் இருந்தது.

நான்கையும் அருகருகே வைப்பதால் என்ன பயன் என்ற கேள்விக்கு அந்த ஏடுகளே விடை தருகின்றன. அவை அளவிலும் வடிவிலும் கையெழுத்திலும் வேறுபடுகின்றன. லண்டன் பிரதிகளுள் ஒன்றில் எழுத்தர் விட்டுவிட்ட சொற்கள் அடியில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. லிங்கன் பிரதியின் பின்புறத்தில் அவ்வூரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. சாலிஸ்பரி பிரதியோ அரசு அலுவலக எழுத்தில் அல்லாமல் நூல்களுக்குரிய எழுத்தில் அமைந்துள்ளது. லிங்கன், சாலிஸ்பரி பிரதிகளை எழுதியவர்கள் அந்தந்தப் பேராலயங்களைச் சேர்ந்த எழுத்தர்களாக இருக்க வேண்டும் என்ற ஆய்வு முடிவு அதே ஆண்டில் வெளியானது. சாசனம் மக்களைச் சென்றடைந்ததில் அரசு அதிகாரிகளைக் காட்டிலும் ஆயர்களுக்கே பெரும்பங்கு இருந்தது என்னும் கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பவருக்கு இவ்வேறுபாடுகள் கண்ணில் படுவது அரிது.

கண்காட்சியில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது எரிந்த பிரதிதான். 1630-இல் டோவர் கோட்டையின் ஆவணங்களுக்கிடையே எட்வர்ட் டெரிங் கண்டெடுத்து, பழஞ்சுவடிகளைத் திரட்டிவந்த ராபர்ட் காட்டனுக்கு அனுப்பிய இந்த ஏடு, 1731-இல் காட்டன் நூல்தொகுப்பு வைக்கப்பட்டிருந்த கட்டடத்தில் மூண்ட தீயில் சேதமுற்றது. அடுத்த நூற்றாண்டில் அதைச் சீர்செய்ய எடுத்த முயற்சி, தீ விட்டுவைத்திருந்த எழுத்துகளையும் பெரும்பாலும் அழித்துவிட்டது. நான்கு பிரதிகளுள் இன்றும் முத்திரை ஒட்டியிருப்பது இதில் மட்டுமே. அந்த முத்திரையும் உருகி, உருவம் தெரியாத மெழுகுக் கட்டியாக இருக்கிறது. ஆயினும் பல்வேறு அலைநீள ஒளிகளில் படமெடுத்து, மறைந்துபோன வரிகளில் பெரும்பகுதியை நூலகத்தார் மீட்டெடுத்தனர். இது முதலில் கேன்டர்பரி பேராலயத்துக்கு அனுப்பப்பட்ட பிரதி என்று வரலாற்றாய்வாளர் டேவிட் கார்ப்பென்டர் நிறுவினார். சிதைந்த ஏடுதானே என்று ஒதுக்காமல் அதற்கும் சமமான இடம் தந்தது, ஏற்பாட்டாளர்களின் பொறுப்புணர்வைக் காட்டுகிறது.

மற்றக் காட்சிப்பொருள்களும் மிகுந்த கவனத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. சாசனம் செல்லாது என்று 1215 ஆகஸ்டில் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் அறிவித்த ஆணை, வூஸ்டரில் உள்ள கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட ஜான் மன்னரின் பற்கள் இரண்டு, கட்டைவிரல் எலும்பு, தாமஸ் ஜெஃபர்சன் தம் கையால் எழுதிய அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஆகியவை அவற்றுள் சில. ஏறத்தாழப் பத்து வாரங்களே நடைமுறையில் இருந்த ஓர் ஒப்பந்தம் 1216, 1217, 1225 எனத் திரும்பத் திரும்பத் திருத்தி வெளியிடப்பட்டே நிலைபெற்றது என்ற உண்மையைக் கண்காட்சி மறைக்கவில்லை. இது எனக்குப் பெரிதும் மனநிறைவு தந்தது. மூல ஏட்டில் பிரிவுகளுக்கு எண்களே இல்லை. சட்டத்தின் வழியன்றி எவரையும் சிறைப்படுத்தலாகாது என்ற, பின்னாளில் 39 என எண்ணிடப்பட்ட புகழ்பெற்ற பிரிவு, ஆற்றில் கட்டிய மீன்பிடித் தடுப்புகளை அகற்றுவது, மதுவுக்கு ஒரே அளவை வைப்பது போன்ற விதிகளோடு ஒரே தொடராக ஓடுகிறது.

இனி, குறை. நான்கு பிரதிகளையும் ஒன்றாகக் காணும் வாய்ப்பு, விண்ணப்பித்த 40,000-க்கும் மேற்பட்டோருள் குலுக்கலில் தேர்வான 1,215 பேருக்கு மட்டுமே கிடைத்தது. அடுத்து நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவையில் ஒருநாள் வைக்கப்பட்டதோடு அச்சந்திப்பு முடிந்துவிட்டது. மாதக்கணக்கில் நடந்த முதன்மைக் கண்காட்சியில் நூலகத்துக்கே சொந்தமான இரண்டு பிரதிகள்தாம் இருந்தன. தோலும் மையும் ஒளியில் நலிவடையும் என்பதும், ஆண்டுவிழாவின்போது தத்தம் பிரதி தத்தம் ஊரில் இருக்கவேண்டும் என்று பேராலயங்கள் கருதியதும் நியாயமே. ஆனால் முதன்மைக் கண்காட்சியின் தொடக்கத்தில் ஒரு வாரமாவது நான்கையும் சேர்த்து வைத்திருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கும் அரிய வாய்ப்பு இன்னும் பல்லாயிரம் பேருக்குக் கிடைத்திருக்கும்.

இன்று அவற்றைக் காண விரும்புபவர் மூன்று ஊர்களுக்குச் செல்ல வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் அரும்பொருள் கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. லிங்கன் பேராலயத்தின் பிரதி அவ்வூர்க் கோட்டையில் 2015-இல் திறக்கப்பட்ட நிலவறையில் இருக்கிறது; அதனுடன், அரச வனங்கள் பற்றிய விதிகள் அடங்கிய 1217-ஆம் ஆண்டின் வனச் சாசனமும் வைக்கப்பட்டிருப்பதால், ஓரிடத்துக்கு மட்டுமே செல்ல முடிந்தவருக்கு அதையே பரிந்துரைப்பேன். பாதுகாப்புக் கருதிச் சில வேளைகளில் மூலத்துக்குப் பதிலாக நகல் வைக்கப்படுவதுண்டு என்பதால், எந்த ஊருக்குச் சென்றாலும் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.