காவலர் எழுத்துத் தேர்வு: கைடா, பள்ளிப் பாடநூலா?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்க உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த கைடு நல்லா இருக்கும்?" என்பதைத்தான். நான் கைடை ஓரமாக வைத்துவிட்டு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டவன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

தேர்வின் அமைப்பு தெரிந்ததுதான். முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 கேள்விகள். அதில் 40 சதவீதம், அதாவது 32 மதிப்பெண் வராவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அடுத்தது 70 மதிப்பெண்: பொது அறிவு 45, உளவியல் 25. இந்த 70-தான் கிரவுண்டில், அதாவது உடல்திறன் போட்டிகளில் எடுக்கும் 24-உடனும், என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கான 6-உடனும் சேர்ந்து தரவரிசைக்குப் போகிறது. கேள்விகளின் தரம் பத்தாம் வகுப்பு.

கைடின் வசதியைச் சொல்லவே வேண்டாம். ஒரே புத்தகம், பேருந்திலும் புரட்டலாம். பாடநூல் என்றால் ஒரு அலமாரித் தட்டு நிறையும். ஆனால் காசு ஆகாது. பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பழைய புத்தகங்களும் இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டிய இடம் வேறு. இந்தத் தேர்வு ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வருகிற பள்ளித் தேர்வு இல்லை. 2020-இல் அறிவிப்பு வந்தது, அடுத்தது 2022, பிறகு 2023, அதற்குப் பிறகு 2025. படித்தது இந்த இடைவெளியைத் தாண்டி நிற்குமா என்பதுதான் கேள்வி. பொதுப் பிரிவினருக்கு 26 வயதோடு கதவு மூடிவிடும். பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் வகுப்பினருக்கு 31. கையில் இருக்கும் வாய்ப்புகள் குறைவு. ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கிக்கொண்டிருக்க முடியாது.

கைடுக்கு வயது சீக்கிரம் ஏறிவிடும். நடப்பு நிகழ்வுப் பக்கங்கள் சில மாதங்களில் செல்லாக்காசு. தேர்வு முறையே மாறிவிடுவதும் உண்டு: 2020-இல் எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண்ணுக்கு நடந்தது, தமிழ்த் தகுதித் தேர்வு கிடையாது, 2022-இல் இன்றைய முறை வந்தது. பழைய புத்தகக் கடைக்குக் கொண்டுபோனால் போன முறை கைடை எடைக்குத்தான் எடுப்பார்கள். பாடத்திட்டம் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் மாறிய பிறகும், பழைய சமச்சீர் வரிகளையும் புதிய வரிகளையும் சேர்த்துத் தைத்து விற்ற கைடுகளைப் பார்த்திருக்கிறேன்.

காகிதம் பழசாவதை விடுங்கள், மனதில் தங்குவது இன்னும் பெரிய விஷயம். வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்வோம். கைடில் அது இப்படி இருக்கும்: "வேலூர்ப் புரட்சி – 1806 ஜூலை 10. புதிய தலைப்பாகை – அக்னியூ. ஆற்காட்டிலிருந்து வந்தவர் – கில்லஸ்பி. ஆளுநர் – வில்லியம் பெண்டிங்." நான்கு வரி, நான்கு மனப்பாடம். ஆறு மாதம் கழித்து அக்னியூ எங்கே, கில்லஸ்பி எங்கே என்று குழம்பும். பொருத்துக கேள்வியில் சரியாக அங்கேதான் கையை வைப்பார்கள்.

பாடநூலில் அது ஒரே கதை. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவு, சிப்பாய்களின் கொதிப்பு, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் மகன்கள், கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லஸ்பி விரைந்து வந்து அடக்கியது, கடைசியில் பெண்டிங்குக்கே பதவி போனது. ஒரு முறை கதையாக ஏறிவிட்டால் பெயரும் வரிசையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் படித்த இதே புரட்சி பத்தாம் வகுப்பில் இன்னும் விரிவாகத் திரும்ப வருகிறது. ரிவிஷனை நாம் திட்டம் போட்டுச் செய்ய வேண்டியதில்லை, புத்தகமே செய்துவிடுகிறது. பாடத்தின் நடுவே வரும் "உங்களுக்குத் தெரியுமா?" பெட்டிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், கேள்வி எடுக்கத் தோதான இடம்.

இன்னொரு லாபம், இந்தப் படிப்பு காவலர் தேர்வோடு நின்றுவிடாது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வும் பத்தாம் வகுப்புத் தரம்தான். 200 கேள்விகளில் பாதி தமிழ். அதே புத்தகங்களைத்தான் அங்கேயும் புரட்ட வேண்டும்.

கைடு ஜெயிக்கும் இடமும் உண்டு. உளவியல் பகுதியின் 25 மதிப்பெண் பள்ளிப் புத்தகத்தில் நேராகக் கிடைக்காது. எண் தொடர், உறவுமுறை, திசை, குறியீடு என்று கணக்குப் போட்டுப் போட்டுத்தான் கை வேகம் வரும். அதற்கு மட்டும் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதினேன். 45-ஐப் பாடநூலிலும் 25-ஐ கைடிலும் தேடுவது என்பதுதான் என் கணக்கு.

கோச்சிங் சென்டர் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. வாராவாரம் டெஸ்ட் எழுத வைப்பார்கள். தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடாது என்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஊரிலிருந்து டவுனுக்குப் பஸ் ஏறி இறங்குகிறவர்கள், காலையில் 1500 மீட்டர் ஓடிப் பழக நேரம் மிஞ்சுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.ஐ. தேர்வை நான் எழுதியதில்லை, அதனால் இந்தக் கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம்.

அறிவிப்பு வந்த பிறகுதான் புத்தகத்தைத் தொடுகிறேன் என்பவர்களுக்கு என் கட்சி செல்லாது. 2025-இல் ஆகஸ்டில் அறிவிப்பு, நவம்பர் 9 தேர்வு. அதற்குள் ஐந்து வகுப்புப் புத்தகங்களையும் முடிப்பது கஷ்டம். அப்போது பொது அறிவுக்கு கைடையே எடுங்கள். தமிழுக்கு மட்டும் பள்ளிப் புத்தகத்தின் இலக்கணப் பகுதிகளை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். அந்த 32 வராமல் போனால் மற்றது எதுவும் கணக்கில் வராது.