சிவப்பு விளக்கு எரிந்தால் யார் வருவார்கள்? கிராமத்து ஃபைபர் இணைப்பில் ஐந்து ஆண்டுகள்

மதுரை மாவட்டம் மேலூருக்குக் கிழக்கே, பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல் போடும் சிற்றூர் எங்களுடையது. கட்டட வரைபடம் வரைவது என் வேலை. 2020 ஊரடங்கில் சென்னையை விட்டு அம்மாவிடம் வந்துவிட்டேன். வரைவதில் சிரமம் இல்லை. வரைந்ததை அனுப்புவதில்தான் இருந்தது. செல்பேசி இணையம் மொட்டைமாடியின் ஒரு மூலையில் மட்டும் எடுக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் ஆன்லைன் வகுப்புக்காக அதே மூலையில் குடையோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எழுப்ப மனம் வராது. ஊர் உறங்கிய பிறகுதான் என் கோப்புகள் கிளம்பும்.

பக்கத்து ஊரில் கேபிள் டிவி நடத்தும் அண்ணனிடம் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கம்பியில் வரும் இணைய இணைப்பு, கேட்டேன். "ஆறு வீடாவது சேருங்கள், கம்பி இழுக்கிறேன்" என்றார். இரண்டு வாரம் வீடு வீடாகப் போய்ப் பேசி ஆறு பேரைச் சேர்த்தேன். 2020 அக்டோபரில் இணைப்பு வந்தது. பெரிய நிறுவனம் ஒன்றின் சேவை. ஊருக்குள் கம்பியும் பராமரிப்பும் கேபிள் அண்ணன் பொறுப்பு. மாதம் 499 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. 50 எம்பிபிஎஸ் வேகம் என்றார்கள், பெரும்பாலும் 45க்குக் குறையாமல் கிடைக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் இரவு எட்டிலிருந்து பத்துவரை மந்தமாகும். பிறகு அதுவும் சரியானது.

வேகத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். அனுப்பும் வேகமும் பெறும் வேகமும் ஒன்றாக இருப்பது மட்டும் எனக்குப் பெரிய வரம். பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் வந்த பிராட்பேண்டில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் செத்துவிடும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலே பெயரளவுக்குத்தான் வரும். கண்ணாடி இழையில் ஒளி இருபது கிலோமீட்டர்வரை தாராளமாகப் போகிறது. ஊர் தள்ளி இருக்கிறது என்று சொல்லித் தட்டிக்கழிக்க இனி இடமில்லை.

இந்த ஐந்து ஆண்டுகளில் நான் கற்றது வேறு. கிராமத்து இணையத்தை ஓடும் நாளில் அளக்கக் கூடாது, நின்றுபோன நாளில்தான் அளக்க வேண்டும். வீட்டில் கம்பி வந்து சேரும் பெட்டியில் 'லாஸ்' என்ற சிறு சிவப்பு விளக்கு உண்டு. ஒளி வரவில்லை என்றால் அது எரியும். எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதுதான் என் கணக்கு. முதல் நாளிலிருந்தே ஒரு டைரியில் குறித்து வருகிறேன்.

2021 கோடையில் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த ஜேசிபி, ஊருக்கு வரும் கம்பியை வாரி எடுத்துவிட்டது. ஒன்பது நாள் சிவப்பு விளக்கு. நிறுவனத்தின் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். 48 மணி நேரத்தில் சரியாகும் என்று குறுஞ்செய்தி வந்தது. மூன்றாம் நாள் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று இன்னொன்று வந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதில் நகரத்துக்காரர் ஒரு நாள் எரிச்சலோடு தப்பிப்பார், இன்னொரு நிறுவனத்துக்கு மாறிக்கொள்வார். எங்களுக்கு ஒரே கம்பி. அந்த ஒன்பது நாளில் ஒரு வேலையை இழந்தேன்.

கடைசியில் சரிசெய்தவர்கள் கேபிள் அண்ணனும் அவரிடம் வேலை பார்க்கும் தம்பியும்தான். தலைமுடி போன்ற இழையை வெட்டி, மின்பொறியில் உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் அப்போது அவர்களிடம் இல்லை. மதுரையிலிருந்து வாடகைக்கு எடுக்க வேண்டும்; அது கிடைக்கும்வரை காத்திருப்பு. 2023இல் அண்ணன் கடன் வாங்கிச் சொந்தமாக ஒன்று வாங்கினார். அதற்கு முன் என் டைரியில் நாட்கள் இருக்கும். அதற்குப் பின் மணிகள்தான் இருக்கின்றன.

இணைப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழுதுபார்க்க வருபவர் கையில் ஒரு சிறு மீட்டர் இருக்கும். ஒளியின் பலத்தை அது டிபிஎம் என்ற அலகில் காட்டும்; மைனஸ் எண் கூடக் கூட ஒளி மங்கல். எங்கள் வீட்டில் முதலில் மைனஸ் 19. ஒவ்வொரு முறை அறுந்து ஒட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மைனஸ் 26 வரை இறங்கியது. 27, 28ஐத் தாண்டினால் பெட்டிக்கு ஒளி புரியாது. அந்தச் சமயத்தில் இணைப்பு முழுதாக நிற்காமல் விட்டுவிட்டு வந்தது. நான் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கவிருந்தேன். தம்பி வந்து பார்த்தபோது வேப்பமரக் கிளையில் கம்பியை இறுக்கி மடித்துக் கட்டியிருந்தது தெரிந்தது. மடிப்பில் ஒளி கசிந்துவிடும். கட்டைத் தளர்த்தி, அணில் கொறித்த ஒரு துண்டையும் மாற்றியதும் மைனஸ் 20க்கு வந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் மீட்டரைக் காட்டச் சொல்லி எண்ணை எழுதிக்கொள்கிறேன்.

கண்ணாடி இழைக்கு மின்சாரம் வேண்டாம். அதன் இரண்டு முனைகளுக்கும் வேண்டும். வீட்டு முனைக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினால் நாலு மணி நேரம் தாங்கும். மறுமுனை கேபிள் அண்ணன் கடையில். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலைவரை மின்சாரத்தை நிறுத்தினால், பதினொரு மணிக்கு அவர் பேட்டரி கையை விரித்துவிடும். புதிய பேட்டரிக்குப் பாதிப் பணம் அவர் போட்டார், மீதியை இணைப்பு வைத்திருந்த வீடுகள் பகிர்ந்துகொண்டோம். எந்த விளம்பரத்திலும் இந்தச் செலவு வராது.

இந்தப் பகுதிக்கு இணையம் புதிதல்ல. நான் பள்ளியில் படித்தபோது, 2001 வாக்கில், சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். இன்றைய கணக்கில் அது ஆமை வேகம்; அதிலேயே நோயாளியின் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவ்வளவு மெல்லிய இணைப்பில் அவ்வளவு பெரிய காரியம்! ஆனால் சில ஆண்டுகளிலேயே பல மையங்கள் மூடிக்கிடந்தன. கொண்டுவந்து சேர்ப்பது ஒரு வேலை, நிற்காமல் ஓட வைப்பது இன்னொரு வேலை என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் தேசியத் திட்டத்துக்கு 2011இல் ஒப்புதல் கிடைத்தது. பாரத்நெட் என்ற பெயர் 2015இல் வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 12,500 ஊராட்சிகள். 2023இல் ஒன்றிய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்தை ஏற்றபோது, தொகையைவிட என் கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்று, கம்பியை வளையமாக அமைப்பது: ஒரு பக்கம் ஜேசிபி வெட்டினாலும் மறுபக்கம் வழியாக ஒளி வந்துவிடும். இன்னொன்று, பத்தாண்டுப் பராமரிப்பையும் திட்டத்துக்குள்ளேயே சேர்த்தது. ஒன்பது நாள் சிவப்பு விளக்கைப் பார்த்தவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும். ஆனாலும் வளையம் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடும்; அங்கிருந்து வீட்டுக்கு வரும் ஒற்றைக் கம்பிக்கு உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும், அவர் பிழைக்கும்படி வருமானமும் வேண்டும்.

புதிதாக இணைப்பு எடுக்கப் போகிறவர்கள் எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்பதற்கு முன், ஸ்ப்ளைசிங் மெஷின் யாரிடம் இருக்கிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேளுங்கள். கடையில் எத்தனை மணி நேரம் பேட்டரி நிற்கும் என்று கேளுங்கள். கம்பி எந்த வழியாக வருகிறது என்று ஒருமுறை நடந்தே பார்த்துவிடுங்கள்.

ஆறு வீடுகளில் தொடங்கிய இணைப்பு இப்போது நாற்பத்தொரு வீடுகளில் இருக்கிறது. பட்டா, சிட்டா நகலுக்கு ஒரு நாள் கூலியை விட்டு மேலூருக்கு பஸ் ஏறிய சித்தப்பா, இப்போது மாலையில் எங்கள் திண்ணைக்கு வந்து எடுத்துக்கொள்கிறார். மாடியில் குடையோடு படித்த மூவரில் மூத்தவள் கல்லூரியில் இருக்கிறாள்.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் உள்ள குடியிருப்புக்கு மட்டும் இன்னும் கம்பி போகவில்லை. அங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அங்கும் செல்பேசி எடுப்பதில்லை. கேபிள் அண்ணனிடம் கேட்டேன். அதே ஆறு வீடு கணக்கைத்தான் சொன்னார். முன்பணம்தான் தடை என்று அந்தக் குடியிருப்புக்குப் போனபோது தெரிந்தது. அதை மூன்று தவணையாக வாங்கிக்கொள்ள அண்ணனைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். நேற்றுவரை நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.