இரவுப் பணியும் பேனிக் அட்டாக்கும்: பல ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்தவை

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அமெரிக்க வங்கி ஒன்றின் கணினி அமைப்புகளை இரவு முழுவதும் கண்காணிக்கும் புரொடக்‌ஷன் சப்போர்ட் குழுவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். நம் இரவு அவர்களுடைய பகல் என்பதால், அங்கே ஒரு பரிவர்த்தனை நின்றுபோனால் இங்கே சில நிமிடங்களில் பிரிட்ஜ் கால் எனப்படும் கூட்டுத் தொலைபேசி அழைப்பில் முப்பது நாற்பது பேர் கூடிவிடுவார்கள். எப்போது சரியாகும் என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் அன்றைய ஷிப்டில் இருப்பவர். இந்த வேலையை விடாமலே, திடீரென்று பொங்கிவரும் கடும் பயத் தாக்குதலான பேனிக் அட்டாக்கைச் சமாளிக்க நான் பயன்படுத்தியவற்றில், முதல் மாதத்தில் நன்றாக இருந்தவை எவை, ஆண்டுகள் கடந்தும் நின்றவை எவை என்பதை எழுதுகிறேன். இவை இரண்டும் ஏறக்குறைய வெவ்வேறு பட்டியல்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பெரும்பாலும் மாதக் கடைசி இரவுகளில்தான் அது வரும். மொத்தமாக ஓடும் கணினிப் பணியான பேட்ச் ஜாப் ஒன்று பாதியில் நின்றிருக்கும். என் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். மியூட்டை எடுப்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், உதடுகளைச் சுற்றி மரத்துப்போகும், திரையில் உள்ள எழுத்துகள் எங்கோ தூரத்தில் தெரியும், இந்த நாற்காலியிலேயே உயிர் போய்விடும் என்று உறுதியாகத் தோன்றும். பயத்தில் மூச்சு வேகமெடுக்கும்போது அளவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறி, இரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடுவதால்தான் இந்த மரத்துப்போதலும் தலைசுற்றலும் ஏற்படுகின்றன. பெரும்பாலான தாக்குதல்கள் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தாமாகவே இறங்கிவிடுகின்றன. ஆனாலும் முதல்முறை வரும்போது இது மனப்பதற்றம்தான் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. எனக்கு இ.சி.ஜி., மாரடைப்பைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையான ட்ரோபோனின், தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்த பிறகுதான் இதயத்தில் கோளாறு இல்லை என்று அனுப்பினார்கள். நெஞ்சில் இறுக்கம் என்றால் நம் ஊரில் முதல் சந்தேகம் கேஸ், இரண்டாவது ஹார்ட். மனநல மருத்துவரின் பேச்சு வருவதற்குள் ஓம வாட்டரும் ஜெலுசிலும் எண்டோஸ்கோப்பியும் முடிந்திருக்கும்.

உடனடி நிம்மதி தந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில், கதவோரத்து இருக்கை, மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச், பையில் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை. இவற்றில் வாட்ச்தான் மோசமான முதலீடு. நாடித்துடிப்பு 74 என்று காட்டினால் மனம் சமாதானமாகும். 98 என்று காட்டினால், அந்த எண்ணைப் பார்த்த பயத்திலேயே அது 115-ஐத் தொடும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கண்காணிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உள்ளே இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பட்டதே தவிர, அது பயத்தை நிலையாகத் தணிக்கவே இல்லை. இதயத் துடிப்பு அறிவிப்புகளை அணைத்து, பிறகு வாட்சையே கழற்றிவைத்ததில் வந்த நிம்மதி, அதை வாங்கியபோது வந்ததைவிடப் பெரியது.

அல்பிரசோலத்தை மருத்துவர் குறுகிய காலத்துக்கு என்று சொல்லித்தான் எழுதிக்கொடுத்தார். அது வேலை செய்யும், சந்தேகமில்லை; ஆனால் மாத்திரை இரத்தத்தில் கலந்து பலன் தெரிவதற்குள் தாக்குதலின் உச்சம் பெரும்பாலும் கடந்திருக்கும், தானாக இறங்கியதன் பெருமையை மாத்திரை தட்டிக்கொண்டு போய்விடும். தொடர்ந்து சாப்பிட்டால் உடல் அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. இந்தியாவில் இது ஹெச்1 அட்டவணை மருந்து, அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றில் ஒன்று. நோயாளியின் பெயரையும் மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதைக் கடைக்காரர் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவேட்டை எல்லாக் கடைகளிலும் பார்க்க முடிகிறது என்று என்னால் சொல்ல முடியாது.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி எல்லோரும் உயர்வாகவே எழுதுகிறார்கள். எனக்கு அரை மனம்தான். மெதுவாக மூச்சை விடும் பழக்கம் தினசரிப் பயிற்சியாகவும், அழைப்புக்கு முன்பு ஓரிரு நிமிடங்களாகவும் நன்றாகவே உதவுகிறது. ஆனால் தாக்குதலின் நடுவில், இதை உடனே நிறுத்தியாக வேண்டும் என்ற வெறியோடு எண்ணி எண்ணி மூச்சு விட்டால், அதுவும் வாட்சைப் பார்ப்பது மாதிரியான சோதனையாகிவிடுகிறது. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியத்தை மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை. வந்திருப்பது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் அது உயிருக்கே உலை வைக்கும்.

நீண்ட காலம் நின்றவற்றில் முதலாவது, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தினமும் சாப்பிடும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை. எனக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி 10-க்கு உயர்த்தினார்கள். அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் பதற்றம் குறைவதற்குப் பதிலாகக் கூடும் என்பதை முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். குமட்டலும் ஓயாத கொட்டாவியும் இருந்தன. நான்கு முதல் ஆறு வாரங்களில் தாக்குதல்களின் கூர்மை மழுங்கியது. தாம்பத்திய நாட்டம் குறைவது இதன் பரவலான பக்கவிளைவு. நாம் கேட்காமல் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, ஆகவே கூச்சப்படாமல் கேட்டுவிடுவது நல்லது. மாத்திரையைத் தொட்டால் மந்தமாகிவிடுவோம், கடைசிவரை விட முடியாது என்று வீட்டில் பயந்தார்கள். மந்தம் எனக்கு வரவில்லை. விடுவதைப் பொறுத்தவரை, மருத்துவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் விட வேண்டும். இரண்டு நாள் விட்டுப்போனாலே தலைக்குள் மின்சாரம் வெட்டுவதுபோல் ஓர் உணர்வு வரும்.

இரண்டாவது சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. என் கணக்கில் இதற்குத்தான் முதல் மதிப்பெண். சாதாரண உடல் உணர்வுகளைப் பேராபத்தின் அறிகுறியாக மனம் தவறாகப் படிப்பதும், அந்தப் பயம் அதே உணர்வுகளை மேலும் கூட்டுவதுமான சுழல்தான் பேனிக் என்று 1986-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் விளக்கினார். அந்தச் சுழலை வெட்டும் பயிற்சி, கேட்பதற்கே விபரீதமாக இருக்கும்: பயப்படும் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விட்டால் திணறல் வரும்; சுழல்நாற்காலியில் வேகமாகச் சுற்றினால் தலைசுற்றல்; படிக்கட்டில் ஓடி ஏறினால் படபடப்பு. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது. “படபடப்பு அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது இருக்கும்போதே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்” என்பது உளவியலாளர் எனக்கு வைத்த விதி. அலுவலகத் தீயணைப்புப் படிக்கட்டில் நான்கு மாடி ஓடி ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, அந்த நிலையிலேயே மின்னஞ்சல் எழுதப் பழகினேன். பிறகு தண்ணீர் பாட்டில் இல்லாமல் மீட்டிங், அடுத்துக் கதவிலிருந்து தள்ளி நடு இருக்கை, கடைசியில் பையில் மாத்திரை இல்லாமல் மாதக் கடைசி ஷிப்ட் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. இப்போது தினசரி மாத்திரையும் இல்லை. தாக்குதல் எப்போதாவது எட்டிப் பார்க்கும். “சற்றுப் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன்” என்று அழைப்பில் சொல்லிவிட்டு, மரத்த விரல்களாலேயே கீபோர்டைத் தட்டுகிறேன்.

காபியைப் பற்றி ஒரு வரி: கஃபீன் பேனிக்கைத் தூண்டக்கூடியது. இரவு ஷிப்டில் நான்காவது டம்ளர் டிகிரி காபியைக் குடித்துவிட்டு நெஞ்சு ஏன் அடிக்கிறது என்று கேட்பதில் பொருளில்லை.

இவ்வளவும் என் பக்கம் நடந்தது. பணியிடத்தின் பக்கமும் ஒன்று நடக்காமல் இருந்திருந்தால் எதுவும் நிலைத்திருக்காது. ஜூன் 21 அன்று யோகா, அக்டோபர் 10 அன்று மனநல நாள் கேக் என்று ஹெச்.ஆர். செய்தவற்றால் எந்தப் பயனையும் நான் காணவில்லை. பயன் தந்தவை மிகச் சாதாரணமான சில மாற்றங்கள்: மாதக் கடைசி ஷிப்டில் யாரும் தனியாக இருப்பதில்லை, கோளாறைச் சரிசெய்பவர் ஒருவர், அழைப்பில் பதில் சொல்பவர் வேறொருவர், நிலவர அறிவிப்பு பதினைந்து நிமிடத்துக்குப் பதிலாக அரை மணிக்கு ஒருமுறை, அதுவும் சாட்டில். மேலாளரிடம் என் நோயின் பெயரை நான் சொல்லவே இல்லை. இரண்டு பேர் இருந்தால் கோளாறு விரைவில் சரியாகிறது என்பதை மூன்று மாத டிக்கெட் (கோளாறுப் பதிவு) விவரங்களோடு காட்டினேன், ஒப்புக்கொண்டார். சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் மேலாளரைப் பொறுத்தது. அப்ரைசல் நேரத்தில் இந்தத் தகவல் எப்படித் திரும்பும் என்று தெரியாத இடத்தில், கோரிக்கையை வேலையின் மொழியில் வைப்பதே பாதுகாப்பு.

செலவு விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, 2018 மே மாதம் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நம் பாலிசிகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும் என்பதால், மருத்துவர் கட்டணமும் சி.பி.டி. அமர்வுகளும் கைக்காசுதான். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். இரவுப் பணியாளருக்கு இது பெரிய வசதி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஆலோசனையும் மருந்தும் இலவசம், காலை ஓ.பி. என்பதால் ஷிப்ட் முடிந்து நேராகப் போய்விடலாம், வரிசை மட்டும் நீளமாக இருக்கும்.