எண்ணித் தீர்ப்பதா, எதிர்ப்பு அடங்கும்வரை பேசுவதா? கம்பியில்லா அகலப்பட்டை நியமங்களில் உடன்பாடு காணும் இரு வழிகள்

கொழும்பில் வைமேக்ஸ் என்ற கம்பியில்லா இணைய இணைப்பு வைத்திருந்தவர்கள் பின்னர் எல்டிஇ (4ஜி) ரவுட்டருக்கு மாறினார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். கோபுரத்திலிருந்து வீட்டுக்கு வரும் திசையில் இரண்டுமே ஓஎஃப்டிஎம்ஏ, அதாவது அலைவரிசையைப் பல மெல்லிய அலைகளாக (துணைக்காவிகளாக) பிரித்துப் பயனர்களுக்குப் பங்கிடும் முறை. வளர்ந்த வீடுகள்தான் வேறு. வைமேக்ஸுக்கு அடிப்படையான 802.16 நியமம் ஐ-ட்ரிப்பிள்-ஈ என்ற பொறியியலாளர் அமைப்பின் 802 குழுவில் வாக்கு எண்ணித் தீர்மானமானது. எல்டிஇ, 1998 டிசம்பரில் உருவான, கைபேசி நியமங்களை எழுதும் த்ரீஜிபிபி கூட்டமைப்பில், விடாப்பிடியான எதிர்ப்பு அடங்கும்வரை பேசித் தீர்மானமானது. இங்கிருந்து ஒரு நியமத்தில் கை வைக்க நினைப்பவருக்கும், உள்ளூரில் ஒரு பொது விவரக்குறிப்பு எழுத உட்காருபவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எண்ணும் வீடு. 802 பணிக்குழுவில் வாக்கு ஆளுக்கு உரியது, கம்பனிக்கு அல்ல. வரைவு நிறைவேற, ஆம், இல்லை என்று விழுந்த வாக்குகளில் 75 வீதம் ஆம் ஆக இருக்க வேண்டும். அதோடு வாக்காளரில் பாதிக்கு மேல் பதில் அனுப்பியிருக்க வேண்டும். ஒதுங்கியவர்கள் 30 வீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 வாக்காளர், 190 பேர் பதில், அதில் 20 பேர் ஒதுங்கல். எண்ணப்படுவது 170. எதிர்த்தவர் 42 என்றால் 75.3 வீதம், வரைவு கரை சேரும். 43 என்றால் 74.7 வீதம், கவிழும். ஒரேயொரு ஆள். ஆகவே பெரும்பான்மையைத் திரட்டுவதைவிட நாலில் ஒன்றுக்குச் சற்று மேலே ஆள் சேர்ப்பது மலிவு. கூட்டங்களுக்கு வந்துபோனால் வாக்குரிமை கிடைக்கும் என்பதால், பணமுள்ள கம்பனி ஆட்களை விமானமேற்றி அனுப்பலாம்.

இதன் விளைவுகள் பதிவிலேயே இருக்கின்றன. அதிவேகக் குறுந்தூர இணைப்புக்கான 802.15.3a இரண்டு முன்மொழிவுகளுக்கிடையில் இறுகி, எதற்கும் 75 வீதம் கிடைக்காமல் 2006 ஜனவரியில் கைவிடப்பட்டது. நகரும் அகலப்பட்டைக்கான 802.20 இன் கதை இன்னும் மோசம். குழுவை ஒரு தரப்பு ஆக்கிரமித்திருக்கிறது, வெளிப்படைத்தன்மை இல்லை என்ற முறைப்பாடுகளால் 2006 ஜூனில் அதன் வேலையே இடைநிறுத்தப்பட்டது. பிறகு தலைமையை மாற்றி, ஆளுக்கு ஒரு வாக்கு என்பதையும் நிறுவனத்துக்கு ஒரு வாக்கு என்று மாற்றித்தான் 2008 இல் நியமம் வெளிவந்தது. அதற்குள் சந்தை வேறு பக்கம் போய்விட்டது.

வைஃபை நியமமான 802.11n இல் முட்டுக்கட்டை உடைந்தது வெளியிலிருந்து. இரண்டு முகாம்கள் 2005 இல் மோதிக்கொண்டிருக்க, பெரிய சிப் கம்பனிகள் தனியாகக் கூடி ஒரு பொது முன்மொழிவோடு உள்ளே வந்தன. 2006 ஜனவரியில் குழு அதை ஏற்றது. ஆனாலும் முதல் வரைவு வாக்கெடுப்பில் தோற்று, ஏறத்தாழ 12,000 கருத்துக்களைச் சுமந்துகொண்டு திரும்பியது. இறுதி ஒப்புதல் 2009 செப்டெம்பரில்தான். இடையில் 2007 இலேயே வரைவு 2.0 ஐ வைத்துச் சான்றளித்த ரவுட்டர்கள் கடைக்கு வந்துவிட்டன. எண்ணும் வீட்டுக்குக் கதவடைக்கும் நேரம் என்று ஒன்று இல்லாததன் விலை இது.

இன்னொரு விலை கண்ணுக்குத் தெரியாது. 75 வீதம் சேர்க்க எளிய வழி, எதிர்ப்பவர் கேட்பதையும் ஒரு விருப்பத் தெரிவாக உள்ளே போட்டுவிடுவது. 802.16-2004 இல் ஒற்றைக் காவி, 256 துணைக்காவி ஓஎஃப்டிஎம், ஓஎஃப்டிஎம்ஏ என்ற அனுப்பும் முறைகள் எல்லாம் ஒரே நூலுக்குள் இருந்தன. ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பிப் பெறும் டிடிடி, இரு திசைக்கும் தனித்தனி அலைவரிசை வைக்கும் எஃப்டிடி இரண்டும் இருந்தன. நியமத்துக்கு இணங்கிய இரண்டு பெட்டிகள் ஒன்றோடொன்று பேசாமலிருக்க முழு வாய்ப்பு. நிலையான வைமேக்ஸின் 256 வகைக்கும் 802.16e இன் நகரும் வகைக்கும் ஒத்துவராது. நிலையானதை வாங்கியவர் முன்னேற வேண்டுமென்றால் கூரைப் பெட்டியையே மாற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் வைமேக்ஸ் ஃபோரம் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு தனியே ஒரு சுருக்கப் பட்டியல் எழுதியது: டிடிடி மட்டும், அலைவரிசை அகலம் 5, 7, 8.75, 10 மெகாஹேர்ட்ஸ். குழு எடுக்கத் தயங்கிய முடிவை வேறொருவர் எடுத்தார்.

த்ரீஜிபிபியில் மேசையில் இருப்பது கம்பனி. ஒரு வேலையைத் தொடங்கவே குறைந்தது நான்கு உறுப்புக் கம்பனிகளின் ஆதரவு வேண்டும். கூட்டத்துக்கு முன் ஆவணங்கள் குவியும். வாரம் முழுக்கப் பேச்சு, தேநீர் இடைவேளையில் இன்னும் பேச்சு. 'முன்செல்லும் வழி' என்ற தலைப்பில் ஒரு தாள் கையொப்பம் சேர்த்துக்கொண்டு சுற்றும். கடைசியில் தலைவர் ஆட்சேபனை உண்டா என்று கேட்பார். வாக்கெடுப்புக்கு விதி இருக்கிறது, 71 வீதம் வேண்டும். ஆனால் அங்கே போவதை எல்லோரும் தோல்வியாகவே கருதுவார்கள். எதிர்ப்பு மிஞ்சினால் தலைவர் 'செயல்பாட்டு உடன்பாடு' என்று அறிவித்து வேலையை நகர்த்தலாம்; பிடிக்காதவர் வாக்கெடுப்புக் கேட்கலாம்.

இந்த வீட்டை நகர்த்துவது நாட்காட்டி. எல்டிஇ இன் முதல் வெளியீடான ரிலீஸ் 8, 2008 டிசம்பரில் உறைய வைக்கப்பட்டது, அதாவது புதிய அம்சங்களுக்குக் கதவடைக்கப்பட்டது. அதற்குள் வராதது அடுத்த வெளியீட்டுக்கு. 'இப்போது இல்லை' என்று சொல்ல முடிவதால் 'இல்லவே இல்லை' என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பேரம் இங்கும் உண்டு. 5ஜி பிழைதிருத்தக் குறியீட்டுக்கு 2016 இல் நடந்த இழுபறி, அந்த நவம்பரில் ரீனோ கூட்டத்தில் தரவுக்கு எல்டிபிசி, கட்டுப்பாட்டுத் தகவலுக்கு போலார் என்று முடிந்தது. எல்லோர் முகமும் காப்பாற்றப்பட்டது. சிப்பில் இரண்டு குறிவிலக்கிகள் உட்கார்ந்தன. ஆனாலும் எது எங்கே என்று நியமமே சொல்லிவிட்டது. வாங்குபவர் தலையில் அந்தத் தெரிவு விழவில்லை. எங்கள் பார்வையில் 802.16 ஐவிட இது நல்ல சமரசம்.

இனி உள்ளூர். கொள்ளுப்பிட்டியில் ஒரு மாடிக்கட்டடத்துக்கு எல்லா வலையமைப்புகளும் பகிரும் உள்ளக அன்டனா அமைப்புக்கு விவரக்குறிப்பு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 2024 இல் டயலொக், எயார்டெல் இணைப்புக்குப் பிறகு கைபேசி வலையமைப்பு நடத்துவோர் மூவர். மூவரில் இருவர் 66.7 வீதம். 75 வைத்தாலும் 71 வைத்தாலும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வீட்டோ. ஆகவே வீத விதியை இரவல் வாங்குவது வீண். இரவல் வாங்க வேண்டியது உறையும் திகதியை. கேபிள் இணைப்பிக்கு என்-வகையா 4.3-10 வகையா என்ற கேள்வியைத் திறந்து விட்டால் இரண்டும் நுழையும், இடையில் மாற்றிகள் நுழையும், இறுக்கம் சரியில்லாத ஒவ்வொரு மாற்றியும் இடைப்பண்பேற்றச் சத்தத்துக்கு (அலைகள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் குறுக்கீட்டுக்கு) ஒரு புதிய ஊற்று. அதன் எல்லையையும் எண்ணாக எழுதுங்கள்: இரண்டு 20 வாட் காவிகளில் -150 டிபிசி (காவியோடு ஒப்பிட்ட டெசிபல்) என்பது போல, சோதனை நிலையோடு சேர்த்து. 'ஏற்கத்தக்க அளவு' என்று எழுதினால், பின்னாளில் மூன்று பொறியியலாளர்கள் மூன்று மீற்றரோடு கூரையில் நின்று வாதாடுவார்கள்.

உலக நியமத்தில் பேச வேண்டுமென்றால், த்ரீஜிபிபியின் ஏழு பங்காளி அமைப்புகளில் இலங்கையுடையது எதுவுமில்லை. அவற்றில் ஒன்றான, ஐரோப்பாவின் எட்சியில் இணை உறுப்பினராவது ஒரு வழி. தனி ஆளுக்கு அது எட்டாது. அரசு வழியில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது, ஆசிய பசிபிக் தொலைத்தொடர்புக் கூட்டமைப்பில் இலங்கைக்கு இருக்கையும் இருக்கிறது. அந்த இருக்கையைச் சிறிதாக எண்ண வேண்டாம்: 2010 இல் அங்கே எட்டிய 700 மெகாஹேர்ட்ஸ் உடன்பாடு, கைபேசியிலிருந்து கோபுரத்துக்கு 703–748, கோபுரத்திலிருந்து கைபேசிக்கு 758–803, பின்னர் த்ரீஜிபிபியின் 28 ஆம் பட்டையானது.

தனி ஆளுக்கு ஐ-ட்ரிப்பிள்-ஈ இன் இறுதிக்கட்டப் பொது வாக்கெடுப்புத்தான் மலிவு. கூட்டத்துக்குப் போகத் தேவையில்லை. நியமச் சங்க உறுப்புரிமையோ, அந்த ஒரு வாக்கெடுப்புக்கான கட்டணமோ போதும். பணிக்குழு வாக்குரிமைக்கு மட்டும் கூட்ட வருகை வேண்டும். இணையவழி என்றாலும் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஜூலை மாதம் மாலை நான்கு மணி, இங்கே அதிகாலை ஒன்றரை.

கருத்துப் படிவத்தில் பக்கம், பிரிவு, வரி எண், குறை, மாற்று வாசகம் என்று கட்டங்கள். பலர் கடைசிக் கட்டத்தில் 'தெளிவாக்கவும்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். என்ன மாற்றினால் திருப்தி என்று தெரியவில்லை என்ற ஒரு வரியோடு அது நிராகரிக்கப்படும். பழைய வாசகத்தை அப்படியே எடுத்து, நீக்குவதையும் சேர்ப்பதையும் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். அதையும் முதல் சுற்றிலேயே எழுதுங்கள். மறுசுற்றில் மாறிய பகுதிகளும் தீராத ஆட்சேபனைகளும் மட்டுமே திறந்திருக்கும். அழைப்புக் காலம் முடிந்தால் வாக்காளர் குழுவில் புதிதாகச் சேரவும் முடியாது.