ஒட்டுப்போட்ட பல் செட்: மாத்திரையா, சோப்பா?

மேல்தாடை முழு பல் செட், சூட்டில் இறுக்கிய அக்ரிலிக் பிளாஸ்டிக், வயது ஆறு. நடுவில் விரிசல் விட்டதால் பல் செட் செய்யும் லேப்பில் ஒட்டி வாங்கியாயிற்று. ஒட்டு உறுதியாகவே இருக்கிறது. ஆனால் அண்ணத்தின் குறுக்கே ஓடும் அந்த ஒட்டுக்கோடு நான்கே மாதத்தில் டீக்கறை ஏறிப் பழுத்துவிட்டது. அதை ஒட்டியிருக்கும் பழைய அக்ரிலிக் இன்னும் அதே இளஞ்சிவப்பு. எரிச்சலாக வருகிறது.

ஒட்டுவதற்கு எடுப்பது சூடில்லாமல் தானே இறுகும் அக்ரிலிக். அதில் நுண்துளை அதிகம், இறுகாமல் மிஞ்சும் மோனோமரும் (அக்ரிலிக்கின் மூலத் திரவம்) அதிகம். கறையும் கேண்டிடா பூஞ்சையும் முதலில் குடியேறுவது அங்கேதான்.

அதன்மேல் பற்பசை போட்டுத் தேய்த்தால் கேட்கவே வேண்டாம். பற்பசையிலுள்ள சிலிக்காவையும் கால்சியம் கார்பனேட்டையும் எனாமல் தாங்கும், அக்ரிலிக் தாங்காது. செட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள்: பிரஷ் போன திசையிலேயே மயிரிழைக் கோடுகள். மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரானைத் தாண்டினால் அழுக்குப் படலம் பிடிப்பது கூடும். பல்பொடி, கரி, உப்பு எல்லாம் இன்னும் மோசம்.

தினசரிக்கு மெத்தென்ற பிரஷ், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், சாதாரணத் தண்ணீர். தொட்டியில் பாதி தண்ணீர் விட்டு அதன்மேல் பிடித்துக் கழுவினால் கை நழுவினாலும் உடையாது. இரவில் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். காய்ந்தால் அளவு மாறும்.

பல் செட்டை ஊறவைக்கத் தண்ணீரில் போடும் நுரைக்கும் மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில், அட்டையில் போட்ட நேரத்துக்கு ஊறவைத்தால் பல் இடுக்கிலுள்ள காபிக்கறை நன்றாகவே விடுகிறது. கொதிநீரில் போட்டால் மட்டும் அக்ரிலிக் வெளுக்கும். கொதிநீர் தனியாகவே கெடுதல்: செய்யும்போது உள்ளே தேங்கிய இறுக்கம் தளர்ந்து செட் நெளியும், பிறகு வாயில் உட்காராது. சாஃப்ட் லைனர் (ஈறு படும் பக்கத்தில் ஒட்டும் மெத்தென்ற உறை) உள்ள செட்டுக்கு மாத்திரையே வேண்டாம், டாக்டரைக் கேட்காமல். சில லைனர்கள் துளைவிட்டுக் கெட்டிப்படும்.

பூஞ்சைக்கு ப்ளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்): 5 சதவீத ப்ளீச் 20 மி.லி., தண்ணீர் 180 மி.லி., 10 நிமிடம், அதற்கு மேல் போனால் நிறம் போகும். பிறகு ஓடும் நீரில் நன்றாக அலச வேண்டும். கோபால்ட்-குரோமியம் தகடோ கம்பிக் கொக்கியோ இருந்தால் ப்ளீச் கூடவே கூடாது, அரித்துவிடும். கல்போல் படிந்த காரைக்கு வினிகர் போடுவோர் அதை ப்ளீச்சுடன் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக்கில் பொடி வெடிப்பு விழும்.

இவ்வளவு பாராட்டியும், மாத்திரை வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். மாத்திரை வந்ததும் பிரஷ் மூலைக்குப் போய்விடுகிறது. தேய்க்காமல் படலம் முழுதாகப் போகாது. இந்த ஒட்டுக்கோட்டை எந்த மாத்திரையும் பழையபடி ஆக்கவும் இல்லை. பாலிஷ் சரியாகப் போடாத ஒட்டு அது. ஒட்டி வாங்கும்போது லேப்பிலேயே கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். தடுக்கினால் காசு கொடுக்கும் முன்பே திருப்பிக் கொடுத்து மறுபடி பாலிஷ் போடச் சொல்லுங்கள்.